"மாநிலத்துக்கே விட்டுவிடுங்கள்" என்றால் சில கட்சிகள் ஏன் மறுக்கின்றன? தருமபுரி, கிருஷ்ணகிரி உதாரணங்களோடு விளக்கம் வேண்டும்

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

வணக்கம். நூலகத்தில் குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் ஞாயிற்றுக்கிழமை கூட்டாட்சி பற்றிப் பேசப் போகிறேன். "டெல்லிக்கு அதிகார ஆசை, நாம் உரிமை கேட்கிறோம்" என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் பதில். அது பாதிதான் சரி என்று படுகிறது. ஒரு விஷயத்தில் மாநில உரிமை பேசும் கட்சியே இன்னொன்றில் நாடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும் என்கிறது. அப்படியானால் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? ஒரு விஷயம் யார் கையில் இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாடப்புத்தக வாசகம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். நம் பக்கத்து விஷயங்களை வைத்து யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

அரூர் வழக்காடி எழுதியது:

பட்டியலில் தொடங்குங்கள், ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். அரசமைப்பின் ஏழாவது அட்டவணைதான் யார் எதில் சட்டம் போடலாம் என்று பிரிக்கிறது. அதில் 1950-ல் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, இருவரும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் 47 பதிவுகள் இருந்தன. தேர்வில் இதைத்தான் கேட்பார்கள். சண்டை நடப்பது வேறு இடத்தில்: ஒரு விஷயம் எந்தப் பதிவில் விழுகிறது என்பதில். ஆன்லைன் ரம்மியை "பந்தயம், சூதாட்டம்" என்று பார்த்தால் அது மாநிலப் பட்டியல் 34-வது பதிவு. இணையம், தகவல் தொடர்பு என்று பார்த்தால் ஒன்றியத்தின் கைக்குப் போகிறது. தமிழ்நாடு 2022-ல் முதல் வழியில் சட்டம் போட்டது, நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இரண்டாவது வழியில் போட்டது. விளையாட்டு அதேதான். எந்தப் பெயரில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதிகாரம் கை மாறுகிறது.

பிள்ளைகளுக்கு உடனே புரிய வேண்டுமென்றால் எருது விடும் விழாவை எடுங்கள். தை பிறந்தால் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டி ஓடவிடும் காளை எல்லாருக்கும் தெரியும். "விலங்கு வதைத் தடுப்பு" பொதுப் பட்டியலில் 17-வது பதிவு. அதில் 1960-லேயே நாடாளுமன்றச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 2009-ல் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஒன்றிய அரசு 2011 ஜூலையில் காளையைக் காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 2009 சட்டம் 1960 சட்டத்துக்கு முரண் என்று சொல்லி, அரசமைப்பின் பிரிவு 254(1)-ன்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பட்டியலில் இரண்டு சட்டமும் மோதினால் ஒன்றியச் சட்டமே நிற்கும். அதுதான் 254(1).

அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 254(2)-ன்படி மாநிலச் சட்டத்தைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்த மாநிலத்துக்குள் அது ஒன்றியச் சட்டத்தை மீறி நிற்கும். 2017 ஜனவரியில் நடந்தது இதுதான். 21-ம் தேதி அவசரச் சட்டம், 23-ம் தேதி சட்டமன்றத்தில் மசோதா, மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். அந்தச் சட்டத்தின் வரையறையைப் படித்துக் காட்டுங்கள்: ஜல்லிக்கட்டு என்றால் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவையும் அடங்கும், ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கை செய்த இடங்களில். நம்மூர் விழா சட்டப்படி நிற்பது அந்த ஒரு சொல்லில்தான். 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது.

அடுத்து, நீட் தேர்விலிருந்து தமிழ்நாட்டுக்கு விலக்கு கேட்ட மசோதாவைப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் பொதுப் பட்டியல் (கல்வி, 25-வது பதிவு), அதுவும் 254(2) வழி. 2021 செப்டம்பரில் நிறைவேறியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள், குடியரசுத் தலைவரிடம் போய் ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஒரே கதவு. காளைக்குப் பத்து நாளில் திறந்தது, நீட்டுக்கு ஆண்டுகள் காத்திருந்தும் திறக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் முடிவெடுக்கிறார், ஆகவே சாவி ஒன்றிய அரசிடம். அவர் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டது. "பொதுப் பட்டியல்" என்ற பெயரைக் கேட்டு இருவருக்கும் சமபங்கு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

ஓசூர் எல்லை எழுதியது:

வழக்காடி ஐயா சொன்னது சட்டத்தின் வழி. "ஏன் மறுக்கிறார்கள்" என்ற கேள்விக்கு நான் ஒரு சோதனை சொல்கிறேன்: அந்த விஷயம் ஜூஜூவாடி சோதனைச் சாவடியோடு நிற்குமா, தாண்டுமா?

கருவில் பாலினம் பார்ப்பதை எடுங்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் சட்டவிரோத ஸ்கேன் கும்பல்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. பெண் சிசுக்கொலைக்கு எதிராக மாநில அரசு தன் அதிகாரத்துக்குள் செய்ததுதான் தொட்டில் குழந்தைத் திட்டம், 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. தொட்டிலை மாநிலம் வைக்கலாம். ஸ்கேன் இயந்திரத்தை ஒரு மாநிலம் மட்டும் கட்டுப்படுத்த முடியாது. மகாராஷ்டிரம் 1988-ல் முதலில் தனிச் சட்டம் போட்டது, பக்கத்து மாநிலத்தில் சட்டம் இல்லை என்றால் வண்டி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் அல்லவா? அதனால் நாடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும் என்று மகளிர் இயக்கங்கள் போராடி 1994-ல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது, 1996 ஜனவரி 1 முதல் அமல். ஒவ்வொரு ஸ்கேன் இயந்திரத்துக்கும் பதிவு, ஒவ்வொரு கர்ப்பிணி ஸ்கேனுக்கும் "எஃப்" படிவம், அதை இரண்டு ஆண்டு பாதுகாக்க வேண்டும். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்கோ, வேப்பனப்பள்ளியிலிருந்து ஆந்திராவுக்கோ போனாலும் அதே படிவம். இதை மாநிலத்துக்கு விடக் கூடாது என்பவர்கள் சுயாட்சிக்கு எதிரிகள் இல்லை, எல்லையைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

குழந்தைத் திருமணம் இன்னும் நல்ல உதாரணம். 2006-ன் நாடாளுமன்றச் சட்டப்படி அந்தத் திருமணம் தானாகச் செல்லாததாகிவிடாது. சிறுவயதில் கட்டிக் கொடுக்கப்பட்டவர் 18 வயதாகி இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றம் போய் ரத்து செய்யலாம். கர்நாடகம் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி, ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கிவிட்டது, 2017 முதல் அங்கே அப்படித்தான். தமிழ்நாட்டில் அந்தத் திருத்தம் இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையோரத்தில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்ட விளைவு, அந்தப் பக்கம் இன்னொன்று. அடிமட்டத்தை ஒன்றியச் சட்டம் போட்டது, அதற்கு மேல் கட்டியது ஒரு மாநிலம். "ஒன்றியமா மாநிலமா" என்று பட்டிமன்றம் வைத்தால் இந்த மூன்றாவது வழி கண்ணில் படாமலே போய்விடும்.

எல்லையின் மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் பிற மாநிலத் தோத்தாபுரி மாங்காயை உள்ளே விடாதே என்று உத்தரவு போட்டது. நாம் பெங்களூரா என்கிறோமே, அதேதான். காரணம் அவர்கள் பக்கத்தில் நியாயமாகத் தெரிந்தது: ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் உறுதி செய்து, அதில் 4 ரூபாயைத் தானே கொடுத்தது, வெளி மாங்காய் வந்தால் கணக்கு உடையும். ஆனால் பிரிவு 301 நாடு முழுக்க வணிகம் தடையற்றது என்கிறது. மாநிலம் தடை போட வேண்டுமென்றால் 304(பி)-ன்படி குடியரசுத் தலைவரின் முன் அனுமதியோடு சட்டமன்றத்தில் சட்டமே கொண்டுவர வேண்டும், மாவட்ட உத்தரவு போதாது. கிருஷ்ணகிரி விவசாயிக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது வலுவான ஒன்றியம்தான். இதை மறைத்துவிட்டு மாநில உரிமையைச் சொல்லிக்கொடுத்தால் அது அரைப்பாடம்.

சித்தேரி அடிவாரம் எழுதியது:

எல்லைச் சோதனையில் அடங்காத ஒன்று இருக்கிறது, அது நம் மாவட்டத்திலேயே நடந்தது. மாநில அரசின் ஆட்களே குற்றவாளி என்றால் யாரிடம் போவது?

வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுவதாக வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் பழங்குடி ஊரை அடித்து நொறுக்கி, 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். மூன்றும் மாநிலத் துறைகள். புகாரை விசாரிக்க வேண்டிய போலீசும் மாநிலப் போலீஸ். 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகுதான் வழக்கு நகர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் 54 பேர் தீர்ப்புக்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-ல் சொன்னது. 2023-ல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

தலித், பழங்குடி அமைப்புகள் பல "எல்லாவற்றையும் மாநிலத்துக்கு விடு" என்பதற்குத் தலையாட்டாததன் காரணம் இங்கே இருக்கிறது. உள்ளூரில் ஆதிக்கம் செய்பவர்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசு மாநில அரசுதான். தீண்டாமைக் குற்றத்துக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தை அரசமைப்பின் பிரிவு 35 நாடாளுமன்றத்திடம் மட்டுமே கொடுத்திருக்கிறது, நாடு முழுக்கத் தண்டனை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக.

ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாச்சாத்திக்கு சிபிஐயை அனுப்பியது டெல்லி அமைச்சரவை இல்லை, சென்னையில் இருக்கும் உயர் நீதிமன்றம். 1946-ன் டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் 6-வது பிரிவுப்படி சிபிஐ ஒரு மாநிலத்துக்குள் வர அந்த மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும், தமிழ்நாடு 2023 ஜூனில் தன் பொது ஒப்புதலைத் திரும்பப் பெற்றுவிட்டது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் அந்த ஒப்புதல் தேவையில்லை. ஆகவே மாநிலத்தின் மீதுள்ள அவநம்பிக்கைக்கு மருந்து ஒன்றிய அரசின் கையில் போலீசைக் கொடுப்பது என்று பிள்ளைகள் முடிவு கட்ட வேண்டியதில்லை.

ஊத்தங்கரை எழுதியது:

மேலே மூவரும் கொள்கைக் காரணங்களைச் சொல்லிவிட்டார்கள். கட்சிகள் அப்படி நடப்பது குறைவு. நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கே கொள்கை போகும்.

2012-ல் தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம் வேண்டாம் என்று சொன்ன முதல்வர்களில் குஜராத் முதல்வரும் ஒருவர். ஜிஎஸ்டிக்கும் குஜராத் அப்போது எதிர்ப்பு. அவரே பிரதமரான பிறகு 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) சட்டத்தை 2008-ல் கொண்டுவந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு, அதில் திமுகவும் பங்கு. 2020-ல் அதே சட்டம் மாநில உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் போனது சத்தீஸ்கரின் காங்கிரஸ் அரசு. நீட்டுக்கான முதல் அறிவிக்கை வந்த 2010 டிசம்பரிலும் திமுக ஒன்றிய அரசில் இருந்தது. எந்தக் கட்சியையும் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. தேதியை வரிசையாகப் பலகையில் எழுதி, பக்கத்தில் அன்றைக்கு டெல்லியில் யார், மாநிலத்தில் யார் என்று எழுதச் சொல்லுங்கள். பாதிப் பதில் பலகையிலேயே வந்துவிடும்.

கை விட்டுப் போன அதிகாரம் திரும்பாது என்பதற்கும் ஒரு கணக்கு. 42-வது திருத்தம், 1976, நெருக்கடி நிலை. கல்வி, காடுகள், வனவிலங்குப் பாதுகாப்பு, எடை அளவை, கீழ் நீதிமன்றங்களின் அமைப்பு என ஐந்து விஷயம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போயின. 1978-ல் ஜனதா அரசு கல்வியைத் திருப்பிக் கொடுக்க முயன்றது, மாநிலங்களவையில் நிறைவேறவில்லை. மாநிலங்களின் அவை என்று பெயர், ஆனால் அங்கே வாக்களிப்பது கட்சிக் கொறடா சொல்வதைக் கேட்டு.

பணமும் இருக்கிறது. ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்தின் வாக்கு எடை மூன்றில் ஒரு பங்கு, முடிவுக்கு நான்கில் மூன்று வேண்டும். எல்லா மாநிலமும் ஒன்று சேர்ந்தாலும் மூன்றில் இரண்டுதான், போதாது. ஒன்றியம் மறுத்தால் எதுவும் நகராது. செஸ், கூடுதல் வரி இரண்டும் மாநிலங்களோடு பங்கிடும் தொகையில் சேராது. வெளிநாட்டில் மாநிலம் நேரடியாகக் கடன் வாங்கவும் முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடன் வந்ததும் டெல்லி வழியாகத்தான்.

தண்ணீர் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. பிலிகுண்டுலு நம் எல்லையில்தான் இருக்கிறது, அங்கே காவிரியை அளப்பது மத்திய நீர் ஆணையம். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்புப்படி ஆண்டுக்கு 177.25 டிஎம்சி அங்கே வந்து சேர வேண்டும். ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அப்புறம் குறைந்துகொண்டே போய் பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. இந்த இடத்தில் தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் "மாநிலத்துக்கு விடு" என்று சொல்லாது, ஏனென்றால் மேலே இருக்கும் மாநிலத்தின் கையில் மதகு. தென்பெண்ணைக்கும் அதே. அதன் கிளையான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய யார்கோல் அணை விவகாரத்தில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தை நாடச் சொன்னது, அந்த மாதக் கடைசியில் தமிழ்நாடு கேட்டது. மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறு பற்றிய 1956 சட்டத்தில் "பேச்சுவார்த்தையால் தீராது என்று ஒன்றிய அரசு கருதினால்" என்று ஒரு வரி. அந்த வரியை வைத்து ஆண்டுகள் ஓடின.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். மலை ஊருக்கு ரோடு கேட்டால் "காடு மத்திய அரசிடம் போய்விட்டது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று அலுவலகத்தில் சொல்வதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். இது உண்மையா?

பென்னாகரம் மலையோரம் எழுதியது:

முழு உண்மை இல்லைங்க. 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும், அது சரி. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2) இதற்கு ஒரு விலக்கு கொடுக்கிறது. சாலை, பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய் என 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் இருந்தால், கிராம சபை பரிந்துரைத்தால் போதும். கோப்பு டெல்லி போக வேண்டாம், மாவட்ட வன அலுவலரோடு முடிகிறது.

வழி இது: ரோடு போடும் துறை "ஏ" படிவத்தில் முன்மொழிவைத் தயாரித்து கிராம சபைக்கும் வனச்சரகருக்கும் கொடுக்க வேண்டும். கிராம சபையில் பாதிப் பேராவது கூடித் தீர்மானம் போட வேண்டும். சரகர் இடத்தைப் பார்த்து "பி" படிவத்தில் அறிக்கை தருவார். வன அலுவலர் மறுத்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும்.

எங்கே சறுக்குகிறது என்றால், முதலில் கிராம சபையில். இந்தச் சட்டத்தில் கிராம சபை என்றால் அந்தக் குக்கிராமத்தின் சபை. ஊராட்சி முழுமைக்கும் கூட்டிய சபையின் தீர்மானத்தை இணைத்தால் திரும்பி வரும். அடுத்தது நீளம். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். தார் மட்டும் 3.75 மீட்டர் அகலம் என்று கணக்குப் போட்டால் 2.6 கிலோமீட்டர் போகலாம். இரண்டு பக்கத் தோள்பட்டையும் வடிகாலும் சேர்த்து 6 மீட்டர் எடுத்தால் 1.6 கிலோமீட்டரிலேயே ஹெக்டேர் முடிந்துவிடும். அதற்கு மேல் என்றால் 1980 சட்டத்தின் பாதைதான், கோப்பு ஒன்றிய அமைச்சகம் வரை போகும். வரைபடம் போடும்போதே அகலத்தைக் குறைத்துக் கேட்பது இதனால்தான்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காவிரி வடக்கு சரணாலயத்தை 2014-லும், 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயத்தை 2022-லும் அறிவித்தது தமிழ்நாடு அரசுதான். சரணாலயத்துக்குள் வேலை என்றால் வனவிலங்கு வாரிய அனுமதியும் கேள்வியாகும். ஆகவே "டெல்லி தடுக்கிறது" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: நிலம் காப்புக்காடா சரணாலயமா, அளவு ஹெக்டேருக்குள் வருகிறதா, "ஏ" படிவம் போட்டாயிற்றா. பல கோப்புகள் தருமபுரியையே தாண்டியிருக்காது.